நிலை முகவரியும் மாறு முகவரியும்

சாலை, குடிநீர், மின்விளக்கு ஆகிய மூன்றும் ஒரு கிராமத்தின் வளர்ச்சிக்கு அடையாளங்களாக நெடுங்காலம் எண்ணப்பட்டு வந்தன. இன்று அவற்றோடு நான்காவதாக இணையத் தொடர்பும் சேர்ந்துவிட்டது. கிராம ஊராட்சிகளைக் கண்ணாடியிழைக் கம்பியால் இணைக்கும் தேசியத் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2011ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. 2015 முதல் அது ‘பாரத்நெட்’ என்னும் பெயரால் வழங்கி வருகிறது. தமிழ்நாட்டில் அதனை நிறைவேற்றும் பொறுப்பு, டான்ஃபிநெட் எனப்படும் தமிழ்நாடு கண்ணாடியிழை வலையமைப்பு நிறுவனத்தைச் சேர்ந்தது. ஊராட்சியின் திட்டங்களையும் கணக்குகளையும் பதிவு செய்யும் ‘இ-கிராம் ஸ்வராஜ்’ 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் தொடங்கப்பட்டது. வீட்டுவரி முதலியவற்றை இணைய வழியாகவே செலுத்தும் வசதியும் 2023இல் நம் மாநிலத்து ஊராட்சிகளுக்கு வந்தது. ஆகவே, ஊராட்சி அலுவலகத்தில் இணையம் நின்றால் அலுவலே நிற்கும் என்னும் நிலைக்கு நாம் வந்துவிட்டோம்.

பெரம்பலூர் மாவட்டத்தில் பெரம்பலூர், ஆலத்தூர், வேப்பந்தட்டை, வேப்பூர் என நான்கு ஊராட்சி ஒன்றியங்கள் உள்ளன. அரியலூர் மாவட்டத்தில் அரியலூர், திருமானூர், செந்துறை, ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், தா.பழூர் என ஆறு உள்ளன. இப்பகுதியின் ஊராட்சி அலுவலகங்களிலும் இ-சேவை மையங்களிலும், ஏன், உழவர் இல்லங்கள் பலவற்றிலுங்கூட இன்று ‘வைஃபை பெட்டி’ ஒன்று சுவரில் தொங்குவதைக் காணலாம். அப்பெட்டியைச் சுற்றி ஒரு சிறு வலையமைப்பு இயங்குகிறது. கணினி, அச்சுப்பொறி, கண்காணிப்புக் கேமரா, தொலைக்காட்சி, கைபேசி ஆகிய யாவும் அதில் அடங்கும். இவை ஒன்றையொன்று அறிந்துகொள்வதற்குப் பயன்படும் எண்ணே ‘ஐ.பி. முகவரி’ எனப்படுகிறது.

இம்முகவரியைச் சிலவற்றிற்கு நிலையாகவும் ஏனையவற்றிற்கு மாறத்தக்கதாகவும் அமைத்தல் வேண்டும். இதனை அறியாமையால் விளையும் தொல்லைகள் இரண்டு. ஒன்று, நன்றாயிருக்கும் கருவி திடீரென்று வேலை செய்யாமற் போவது. மற்றொன்று, தேவையில்லாத சேவைக்கு ஊராட்சிப் பணத்தை ஆண்டுதோறும் செலுத்துவது. இவ்விரண்டையும் தவிர்க்கும் வழியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முகவரியின் இயல்பு

இப்போது பெருவழக்கில் உள்ள ஐ.பி. முகவரி, புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நான்கு எண்களால் ஆனது. எடுத்துக்காட்டாக, 192.168.1.20 என்பது ஒரு முகவரி. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். 1981ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட இம்முறையில் மொத்தம் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 முகவரிகளே உண்டு. உலக மக்கள்தொகையோ 800 கோடியைத் தாண்டிவிட்டது. தலைக்கு ஒரு கைபேசி என்று வைத்துக்கொண்டாலும் இவ்வெண்கள் போதா என்பது வெளிப்படை.

இக்குறையைச் சமாளிக்க, 1996ஆம் ஆண்டில் மூன்று எண் தொகுதிகள் ‘உள் முகவரி’களாக ஒதுக்கப்பட்டன. 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரையில் தொடங்குபவை, 192.168 என்று தொடங்குபவை ஆகியன அவை. இவற்றை எந்த வீட்டாரும், எந்த அலுவலகத்தாரும், யாருடைய அனுமதியுமின்றித் தத்தம் எல்லைக்குள் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இதனை நம் நிலப் பதிவேட்டோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். புல எண் 45 என்பது வேப்பந்தட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலும் இருக்கும். திருமானூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலும் இருக்கும். அதனால் குழப்பம் நேர்வதில்லை. கிராமத்திற்குள் அவ்வெண் ஒன்றே ஒன்றுதான். வெளியார்க்குச் சொல்லும்போதுதான் கிராமத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உள் முகவரியும் இத்தகையதே. உங்கள் வீட்டில் 192.168.1.20 என ஓர் அச்சுப்பொறி இருக்கலாம். அடுத்த வீட்டிலும் அதே எண்ணில் ஒரு கேமரா இருக்கலாம். ஒன்றுக்கொன்று இடையூறு இல்லை. ஆனால், ஒரே வீட்டிற்குள் இரண்டு சாதனங்களுக்கு ஒரே எண் வாய்த்தால், ஒரே புல எண்ணுக்கு இருவர் பட்டா கோரியது போன்ற சிக்கல்தான்.

உள் முகவரியோடு ஒருவர் வெளியுலகத்தை எவ்வாறு அணுகுகிறார் என்று கேட்கலாம். அலுவலகத்தில் பணிபுரிந்தோர்க்கு இதன் விடை தெரிந்ததே. ஒன்றிய அலுவலகத்திலிருந்து செல்லும் கடிதங்கள் யாவும் அலுவலகத்தின் ஒரே முகவரியோடுதான் செல்கின்றன. எந்தப் பிரிவு எழுதியது என்பதை ந.க. எண்ணும் அதனோடு சேர்ந்த பிரிவுக் குறியும் காட்டும். பதில் வந்ததும் அக்குறியைப் பார்த்து உரிய எழுத்தரிடம் சேர்ப்பிக்கிறார்கள். வைஃபை பெட்டியாகிய ரவுட்டரும் இதையே செய்கிறது. உள்ளிருந்து செல்லும் கோரிக்கைகள் அனைத்தையும் ஒரே ‘வெளி முகவரி’யில் அனுப்புகிறது. ஒவ்வொன்றிற்கும் ஒரு குறியெண் இட்டு வைத்துக்கொண்டு, பதில் வரும்போது உரிய சாதனத்திடம் சேர்க்கிறது. ஆகவே, வீட்டிற்குள் பத்துச் சாதனங்கள் இருப்பினும் வெளி முகவரி ஒன்றே போதும்.

சந்தையும் குத்தகையும்

இனி, உள் முகவரிகளை வழங்குவோர் யார் என்பதைப் பார்ப்போம். முற்காலத்தில் ஒவ்வொரு கணினிக்கும் மனிதரே எண்ணைக் குறித்துக் கொடுத்தனர். 1993ஆம் ஆண்டில் ‘டி.எச்.சி.பி.’ என்னும் முறை வகுக்கப்பட்டது. அதன் பிறகு ரவுட்டர் தானாகவே எண்களை வழங்கத் தொடங்கிற்று.

இதற்கு நம் வாரச்சந்தையையே உவமை கூறலாம். காலையில் சின்ன வெங்காய மூட்டையோடு வரும் உழவருக்குச் சந்தைக்காரர் காலியாயுள்ள ஓர் இடத்தைக் காட்டுகிறார். அன்று மாலை வரை அது அவருக்கு உரியது. அடுத்த வாரம் அதே இடமும் கிடைக்கலாம், வேறிடமும் கிடைக்கலாம். அவர் கவலைப்படுவதில்லை. ஏனெனில், வந்து வாங்குவோர் சந்தையைச் சுற்றிப் பார்த்தே வாங்குகின்றனர்.

ரவுட்டரும் இவ்வாறே செய்கிறது. புதிதாக வரும் சாதனம், “எனக்கு ஓர் எண் தருவார் உண்டோ?” என்று கேட்கிறது. ரவுட்டர் ஓர் எண்ணைக் காட்டுகிறது. சாதனம், “அதையே எடுத்துக்கொள்கிறேன்” என்கிறது. ரவுட்டர் அதனை உறுதி செய்து தன் பட்டியலில் எழுதிக்கொள்கிறது. இந்த உரிமை குறித்த காலத்திற்கு மட்டுமே. அதன் பெயரே ‘குத்தகை’ என்பதாகும். ஏரி மீன் பாசியையும் புளிய மரங்களையும் குத்தகைக்கு விட்டுப் பழகிய ஊராட்சியினர்க்கு இச்சொல் புதிதன்று. பல ரவுட்டர்களில் குத்தகைக் காலம் ஒரு நாள். காலத்தில் பாதி கழிந்ததுமே சாதனம் குத்தகையைப் புதுப்பிக்கக் கேட்கும். சாதனம் அகன்று குத்தகையும் முடிந்துவிட்டால் அவ்வெண் வேறொன்றுக்குக் கொடுக்கப்படும். இவ்வாறு பெறும் எண்ணே ‘மாறு முகவரி’. கடைக்காரரும் இணையச் சேவையாளரும் இதனை ‘டைனமிக் ஐ.பி.’ என்பர்.

கைபேசி, தொலைக்காட்சி, விருந்தினரின் மடிக்கணினி ஆகியவற்றிற்கு இதுவே சிறந்த முறை. அவை பிறரைத் தேடிச் செல்வனவேயன்றி, அவற்றைத் தேடி யாரும் வருவதில்லை.

எதற்கு நிலை முகவரி?

அதே சந்தையில் அரிவாள், மண்வெட்டி அடித்துத் தரும் கொல்லரின் பட்டறையும் உண்டு. அது வாரந்தோறும் இடம் மாறினால் உழவர் திண்டாடுவர். ஏனெனில், அவரை மக்கள் தேடி வருகின்றனர். வலையமைப்பிலும் பிற சாதனங்கள் தேடிவரும் சாதனம் எதுவோ, அதற்கே நிலையான இடம் வேண்டும். இதுவே ‘நிலை முகவரி’, அதாவது ‘ஸ்டாடிக் ஐ.பி.’ இந்த ஒரு விதியை மனத்திற் கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

அச்சுப்பொறி இதற்குத் தக்க சான்று. ஓர் அலுவலகத்தில் இரண்டு கணினிகளும், வைஃபை வழியே இணைந்த ஓர் அச்சுப்பொறியும் இருப்பதாகக் கொள்வோம். அச்சுப்பொறியைப் பொருத்திய நாளில் ரவுட்டர் அதற்கு 192.168.1.103 என்னும் எண்ணைக் கொடுத்தது. கணினிகள் அவ்வெண்ணையே குறித்து வைத்துக்கொண்டன. சில வாரங்கள் யாவும் செம்மையாக நடந்தன. ஒரு நாள் மின்தடை நேர்ந்து, மின்சாரம் திரும்பியது. பல ரவுட்டர்கள் மின்சாரம் நின்றதும் தம் குத்தகைப் பட்டியலை மறந்துவிடும் இயல்புடையவை. இம்முறை 103ஆம் எண் ஒரு கைபேசிக்குப் போயிற்று. அச்சுப்பொறிக்கு 106 வந்தது. கணினியோ பழைய எண்ணுக்கே தாள்களை அனுப்பிக்கொண்டிருக்கிறது. ‘அச்சுப்பொறி தொடர்பில் இல்லை’ என்று திரையில் வருகிறது. அச்சுப்பொறியில் பழுதில்லை, கணினியிலும் பழுதில்லை, இணையமும் இருக்கிறது. ஆயினும் அச்சு வரவில்லை.

இது சிறிய விஷயமென்று எண்ணலாகாது. வருமானச் சான்று பெறுவதற்காகக் கூலி வேலையை விட்டுவிட்டு, ஒரு குக்கிராமத்திலிருந்து பேருந்தேறி வந்த தாய் ஒருவர் அன்று வெறுங்கையோடு திரும்புவார். அவருக்கு ஒரு நாள் கூலி போயிற்று. பேருந்துச் செலவும் போயிற்று. மகளின் கல்லூரி விண்ணப்பத்திற்கு மறுநாளே கடைசி நாளாயின், அதுவும் போகலாம். பழுது பார்ப்பவரை வரவழைத்தால் அதற்கும் ஒரு செலவு. இத்தனைக்கும் காரணம், ஓர் எண் மாறியதேயாகும்.

அச்சுப்பொறியைப் போன்றே, கேமராப் பதிவுகளைச் சேமிக்கும் பெட்டி, பலரும் பயன்படுத்தும் கோப்புகள் உள்ள கணினி, வலையமைப்பில் இணைந்த வருகைப் பதிவுக் கருவி ஆகியவற்றிற்கும் நிலை முகவரி வேண்டும். கைபேசியால் இயக்கும் பம்புசெட் கருவிகளைப் பற்றி உழவர் சிலர் கேட்பதுண்டு. சிம் அட்டை பொருத்திய கருவியாயின் அது தொலைபேசி வழியே இயங்குவது. வீட்டு ரவுட்டரோடு அதற்குத் தொடர்பில்லை. ஆகவே, அதற்கு நாம் முகவரி எதுவும் அமைக்க வேண்டுவதில்லை.

அமைக்கும் முறை

நிலை முகவரியை இரு வழிகளில் அமைக்கலாம். ரவுட்டரிலேயே எண்ணை ஒதுக்கி வைப்பது முதல் வழி. சாதனத்தில் எண்ணை எழுதி வைப்பது இரண்டாவது வழி. முதல் வழியே மேலானது. எல்லா எண்களும் ஓரிடத்தில், ஒரே பட்டியலில் இருப்பதால் பிற்காலத்தில் வருவோர்க்கும் அது எளிதில் விளங்கும்.

ஒவ்வொரு சாதனத்திற்கும் அதனை உருவாக்கிய நிறுவனம் இட்ட அடையாள எண் ஒன்று உண்டு. அது ‘மேக்’ எண் எனப்படும். இலக்கங்களும் ஆங்கில எழுத்துகளும் கலந்த பன்னிரண்டு குறிகளால் ஆனது. அச்சுப்பொறியின் அடியிலோ பின்புறத்திலோ ஒட்டியுள்ள தாளில் இதனைக் காணலாம். ‘இந்த மேக் எண்ணுடையவர்க்கு எப்போதும் இந்த முகவரியே’ என்று ரவுட்டருக்குச் சொல்லி வைப்பதுதான் ஒதுக்கீடு. செய்முறை வருமாறு:

1. வலையமைப்பில் இணைந்த கணினியில் இணைய உலாவியைத் திறந்து, முகவரிக் கட்டத்தில் ரவுட்டரின் எண்ணைத் தட்டச்சு செய்க. பெரும்பாலும் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். பெட்டியின் அடியிலும் குறித்திருப்பர்.

2. பெட்டியில் குறித்துள்ள பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டு உள்ளே செல்க. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல் இன்னும் மாற்றப்படாதிருப்பின், முதற்காரியமாக அதனை மாற்றுக.

3. ‘லேன்’ அல்லது ‘டி.எச்.சி.பி.’ என்னும் பகுதியில், ரவுட்டர் தானாக வழங்கும் எண்களின் தொடக்கமும் முடிவும் காணப்படும். அதனை 192.168.1.100 முதல் 192.168.1.200 வரை என்று வைத்துக்கொள்வது நலம். அப்போது 2 முதல் 99 வரையுள்ள எண்கள் நிலை முகவரிகளுக்கென மிஞ்சும்.

4. இணைந்துள்ள சாதனங்களின் பட்டியலில் அச்சுப்பொறியைக் கண்டுபிடித்து, அதன் மேக் எண்ணைத் தாளில் உள்ளதோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க.

5. ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ அல்லது ‘ஸ்டாடிக் லீஸ்’ என்னும் பகுதியில் அந்த மேக் எண்ணையும், அதற்கு நாம் தரும் முகவரியையும் (எடுத்துக்காட்டாக 192.168.1.20) சேர்த்துச் சேமிக்க. சில ரவுட்டர்கள் தாம் வழங்கும் எல்லைக்குள் உள்ள எண்ணையே ஒதுக்க இசையும். அத்தகையதாயின் அவ்வெல்லைக்குள்ளேயே ஓர் எண்ணைத் தேர்ந்துகொள்க.

6. அச்சுப்பொறியை நிறுத்தி மீண்டும் இயக்குக. புதிய எண்ணை அது பெற்றுக்கொள்ளும். பின்னர், கணினிகளில் உள்ள பழைய அச்சுப்பொறிப் பதிவை நீக்கிவிட்டுப் புதிய எண்ணால் மறுபடியும் சேர்க்க.

7. இறுதியாக, ரவுட்டரையே ஒரு முறை நிறுத்தி இயக்கி, அச்சு வருகிறதா என்று பார்க்க. மின்தடையைத் தாங்கும் என்பதை உறுதி செய்துகொள்ளாமல் வேலை முடிந்ததாகக் கொள்ளலாகாது.

ரவுட்டரில் ஒதுக்கீடு செய்யும் வசதி இல்லையாயின், இரண்டாவது வழியை மேற்கொள்ளலாம். சாதனத்தின் அமைப்புப் பகுதியில் நான்கு விவரங்களை இட வேண்டும். முகவரி, 192.168.1.20 எனலாம். வலை எல்லையைக் காட்டும் ‘சப்நெட் மாஸ்க்’ பொதுவாக 255.255.255.0. வெளிவாயில் எனப்படும் ‘கேட்வே’, ரவுட்டரின் எண்ணே. பெயர்களை எண்ணாக்கும் ‘டி.என்.எஸ்.’ இடத்திலும் ரவுட்டரின் எண்ணையே இடலாம். இவ்வழியில் தேர்ந்தெடுக்கும் முகவரி, ரவுட்டர் தானாக வழங்கும் எல்லைக்கு வெளியே இருத்தல் கட்டாயம். இல்லையேல், ரவுட்டர் அறியாமல் அதே எண்ணை வேறொரு கைபேசிக்குக் கொடுத்துவிடும். மேலும், நாளை வேறு ரவுட்டரை மாட்டும்போது அதன் எண் வரிசை 192.168.0 என்று தொடங்குவதாயின், பழைய எண்ணோடு உள்ள அச்சுப்பொறி எவர்க்கும் எட்டாமற் போகும். அப்போது சாதனத்திலும் எண்ணை மாற்றுதல் வேண்டும்.

கைபேசிக்கு எண் ஒதுக்க நினைப்போர் ஒன்றை அறிதல் நலம். ஆண்ட்ராய்டு 10 வெளிவந்த 2019 முதலும், ஐபோனில் 2020 முதலும், கைபேசிகள் தம் உண்மை மேக் எண்ணை மறைத்து, வலையமைப்புக்கு ஏற்ப வேறோர் எண்ணைக் காட்டுகின்றன. உரியவரின் அந்தரங்கத்தைக் காப்பதற்கான ஏற்பாடு அது. ஆகவே கைபேசியை மாறு முகவரியிலேயே விட்டுவிடுவது சிறந்தது.

அரசுக்கோ சேவை நிறுவனத்திற்கோ உரிய கருவிகளில் நாமே மாற்றம் செய்தல் கூடாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கண்ணாடியிழை வந்து சேரும் பெட்டி அவர்களுடையதாயின், அவர்களின் பணியாளரைக் கொண்டே ஒதுக்கீட்டைச் செய்வித்துக்கொள்க.

பதிவேடு ஒன்று வேண்டும்

ஊராட்சியில் சொத்துப் பதிவேடு உண்டு. குடிநீர் இணைப்புப் பதிவேடு உண்டு. அவற்றோடு ஒரு பக்க அளவில் முகவரிப் பதிவேடு ஒன்றையும் வைத்துக்கொள்ளுதல் நன்று. சாதனத்தின் பெயர், அது இருக்கும் இடம், மேக் எண், ஒதுக்கிய முகவரி, ஒதுக்கிய நாள் என்னும் ஐந்து பத்திகள் போதும். கடவுச்சொற்களை இதில் எழுதாமல், உறையிலிட்டுப் பாதுகாப்பாக வைத்தல் வேண்டும். ஊராட்சிச் செயலாளர் மாறிச் செல்லலாம். கணினி இயக்குபவர் மாறலாம். பதிவேடு இருப்பின், புதிதாக வருபவர் ஒரு நாளில் யாவற்றையும் அறிந்துகொள்வார். இல்லத்தில் ரவுட்டரின் பக்கத்துச் சுவரில் ஒரு சிறு அட்டையை ஒட்டினாலே போதும்.

பழுதை அறிதல்

தொல்லை நேரும்போது, சாதனத்தின் முகவரியைப் பார்ப்பதே முதல் வேலை. அவ்வெண்ணே பெரும்பாலும் நோயைச் சொல்லிவிடும்.

முகவரி 169.254 என்று தொடங்கினால், அச்சாதனம் கேட்டும் ரவுட்டர் எண் கொடுக்கவில்லை என்று பொருள். யாரும் இடம் காட்டாததால் அது தானே ஓரிடத்தில் உட்கார்ந்துகொண்டது. கம்பி கழன்றிருக்கிறதா, ரவுட்டர் இயங்குகிறதா என்று பார்க்க.

‘முகவரி மோதல்’ என்று திரையில் வந்தால், இரு சாதனங்கள் ஒரே எண்ணில் உள்ளன. பதிவேட்டைப் பார்த்து ஒன்றை மாற்றுக.

சில சாதனங்கள் 192.168.1 வரிசையிலும், வேறு சில 192.168.0 வரிசையிலும் எண் பெற்றிருந்தால், ஒரே வலையமைப்பில் இரண்டு ரவுட்டர்கள் எண் வழங்குகின்றன என்று அறிக. அடுத்த அறைக்கும் வைஃபை எட்ட வேண்டுமென்று இரண்டாவது பெட்டியை வாங்கி மாட்டும்போது இது அடிக்கடி நேர்கிறது. ஒரு சந்தைக்கு இரண்டு குத்தகைதாரர் வந்து நின்றால் வியாபாரம் நடக்குமா? இரண்டாவது பெட்டியை ‘ஆக்சஸ் பாயிண்ட்’ என்னும் நிலைக்கு மாற்றினால், அது எண் வழங்குவதை நிறுத்திவிட்டு, வைஃபையைப் பரப்பும் வேலையை மட்டும் செய்யும்.

பணம் கொடுத்துப் பெறும் நிலை முகவரி

இதுவரை கூறிய உள் முகவரிகளுக்கு ஒரு காசும் செலவில்லை. ஆனால், இணையச் சேவை நிறுவனங்கள் கூடுதல் கட்டணம் பெற்றுக்கொண்டு விற்கும் ‘நிலை முகவரி’ வேறு. அது வெளி முகவரி. பெயர் ஒன்றாயிருப்பதால், அச்சுப்பொறிக்கு நிலை முகவரி வேண்டும் என்று கேள்விப்பட்டவர் நிறுவனத்திற்குப் பணம் கட்டிவிடும் அபாயம் உண்டு. அவ்வாறு கட்டினாலும் அச்சுப்பொறித் தொல்லை தீராது. ஏனெனில் அது வீட்டிற்குள் உள்ள எண்ணைப் பற்றியது.

வெளி முகவரிகள் அருகிவிட்டன. உலகின் பொதுக் கையிருப்பில் எஞ்சியிருந்த கடைசித் தொகுதிகள் 2011ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் ஐந்து கண்டப் பதிவகங்களுக்குப் பங்கிடப்பட்டன. நம் ஆசிய-பசிபிக் பதிவகமும் அதே ஆண்டு ஏப்ரலில் தன் இறுதித் தொகுதியை அடைந்தது. இப்பஞ்சத்தால், சேவை நிறுவனங்கள் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே வெளி முகவரியைப் பயன்படுத்துகின்றன. உங்கள் ரவுட்டரின் ‘வேன்’ என்னும் இடத்தில் காணப்படும் எண், முன்கூறிய உள் முகவரி வகையாகவோ, 100.64 முதல் 100.127 வரையில் தொடங்குவதாகவோ இருந்தால், நீங்களும் அவ்வாறு பகிர்ந்துகொள்பவரே. இணையத்தைப் பார்ப்பதற்கும் வரி செலுத்துவதற்கும் இதனால் குறைவில்லை. வெளியிலிருந்து ஒருவர் நேரே உங்கள் சாதனத்தை அடைய முடியாது என்பது ஒன்றே வேறுபாடு. 128 இருமை இலக்கங்கள் கொண்ட ‘ஐ.பி. 6’ என்னும் புதிய முறை இப்பஞ்சத்தைப் போக்கவல்லது. அது 1998இல் வரையறுக்கப்பட்டு, இன்று கைபேசி நிறுவனங்களால் பெரிதும் கையாளப்படுகிறது.

அப்படியாயின், வெளியூரில் இருந்துகொண்டு மாட்டுக் கொட்டகைக் கேமராவைப் பார்ப்பது எப்படி? இன்று விற்கும் பெரும்பாலான கேமராக்கள், தாமே தம் நிறுவனத்தின் கணினியோடு தொடர்பு கொள்கின்றன. உரியவரின் கைபேசியும் அதே கணினியை அணுகிப் படத்தைப் பெறுகிறது. ஆகவே வெளி நிலை முகவரி தேவைப்படுவதில்லை. வெளியார் நேரே அணுகவேண்டிய கணினி ஒன்றை நம்மிடமே வைத்து நடத்தும்போதும், குறிப்பிட்ட முகவரியிலிருந்து வருவோரை மட்டுமே அனுமதிக்கும் அலுவலகத்தோடு தொடர்பு கொள்ளும்போதும் அது வேண்டியிருக்கும். அத்தகைய தேவை ஊராட்சிக்கு உண்டாயின், உரிய துறை அதனை எழுத்து மூலம் தெரிவிக்கும். அவ்வாறு எழுத்து இல்லாத நிலையில் இதற்கென நிதி ஒதுக்கும் தீர்மானம் வந்தால், “எந்தச் சாதனத்திற்கு? யார் வெளியிலிருந்து அதனைத் தேடி வருகிறார்?” என்று இரு கேள்விகளைக் கேட்பது உறுப்பினரின் கடமையாகும்.

வெளியிலிருந்து அணுகத்தக்க சாதனத்திற்குக் காவலும் மிகுதியாக வேண்டும். 2016ஆம் ஆண்டில் ‘மிராய்’ என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியது. தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் அது தேடிப் பிடித்துத் தன்வயப்படுத்தியது. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் அவை யாவும் ஒருசேர ஏவப்பட்டதால் அமெரிக்காவில் புகழ்பெற்ற இணையத்தளங்கள் பல மணிக்கணக்கில் முடங்கின. கேமராவை வைத்திருந்தவர்களுக்கு அது தெரியவே தெரியாது. நம் ஊர்ப் பெட்டி ஒன்றும் அத்தகைய படையிற் சேராதிருக்க வேண்டுமாயின், கடவுச்சொல்லை மாற்றுவதைப் பொருத்திய அன்றே செய்தல் வேண்டும்.

செய்ய வேண்டுவன

தேடி வரப்படும் சாதனத்திற்கு நிலை முகவரி; மற்றவற்றிற்கு மாறு முகவரி. நிலை முகவரியை ரவுட்டரிலேயே ஒதுக்குக, பதிவேட்டில் எழுதுக, மின்தடை சோதனை செய்க. பணம் கேட்கப்படும் இடத்தில், அது உள் முகவரியா, வெளி முகவரியா என்று வினவுக. இவ்வளவே.

இவ்வேலைக்கு அரை மணி நேரத்திற்கு மேல் ஆகாது. ஊரில் கணினி பயின்ற இளைஞர் எவரேனும் இருப்பர். அவரை அழைத்து, ஊராட்சிச் செயலாளரும் உடனிருந்து இதனைச் செய்து முடிக்கலாம். கண்ணாடியிழை ஊர் வரை வந்துவிட்டது. அதன் பயன், சான்று கேட்டு வாசலில் நிற்பவர் கைக்குத் தாளாக வந்து சேர்வதற்கு, ஓர் எண்ணை ஒழுங்குபடுத்தும் அக்கறை மட்டுமே இனி வேண்டுவது.